காசு செல்லாத கப்பல்

வாஷர் என்று சொன்னால்தான் அந்தப் பக்கத்தில் அவரைத் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது பாஸ்போர்ட்டுக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது. குழாய் ஒழுகுகிறது என்று யார் வந்து நின்றாலும், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே "வாஷர்தான் போயிருக்கும்" என்பார். பெரும்பாலும் அதுதான் போயிருக்கும். ஊர்வாய் சும்மா இருக்குமா, அந்தப் பெயரை அவர் தலையிலேயே கட்டிவிட்டது.

பிளம்பர்களில் அவர் தனி ரகம். மற்றவர்கள் சாமான் கடையில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டு எல்போவும் வால்வுமாக அள்ளிக்கொண்டு போவார்கள். இவர் ஒற்றை நட்டு வாங்கினாலும் மேசைமேல் காசை வைத்த பிறகுதான் நட்டைத் தொடுவார். "உங்களால எனக்கு நோட்டுப் புத்தகச் செலவு மிச்சம்ணே" என்று கடைக்காரர் கிண்டல் செய்வார். வாஷர் கடன் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. அடுத்தவன் காசில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால்கூட அவருக்குத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. வேலை முடிந்ததும் பையிலிருந்து காய்ந்த செய்தித்தாளை எடுத்து, புதிதாகப் போட்ட இணைப்புக்கு அடியில் விரிப்பார். தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிட்டு, கைகட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர் காசை நீட்டிக்கொண்டு நிற்பார். "இருங்க, தாள் சொல்லட்டும்" என்பார் வாஷர். தாள் நனையவில்லை என்றால்தான் கையை நீட்டுவார். சோதித்துப் பார்க்காத இணைப்பு இணைப்பே இல்லை என்பது அவர் கட்சி. நடுவில் யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஊரார் வீட்டுக் குழாயோடெல்லாம் இப்படிப் பேசத் தெரிந்தவருக்குப் பெற்ற மகனோடு பேசத் தெரியாது. அதுதான் கொடுமை. மகன் தூர தேசத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலையில் இருந்தான். வீட்டுக்காரி இருந்தவரை குறையொன்றும் தெரியவில்லை. அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மகனிடம் மணிக்கணக்கில் அளப்பாள். வாஷர் பழைய குழாய் ஒன்றை மடியில் வைத்துத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். "அப்பா பக்கத்துலதான் இருக்காரு, குடுக்கட்டுமா?" என்று அவள் கேட்டால், கையை வீசி வேண்டாம் என்பார். அவளிடம் சொன்னால் அவனுக்குப் போய்விடும், அவன் சொன்னது அவள் வழியாக வந்துவிடும். அப்புறம் நேராக வேறு எதற்குப் பேச வேண்டும்?

அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டில் ஓடிய பேச்சு முழுவதும் அவள் வழியாகத்தான் ஓடியிருக்கிறது என்று. இப்போது ஃபோன் வரும். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்." "உடம்பு?" "நல்லா இருக்கு. நீங்கள்லாம்?" "நல்லா இருக்கோம்பா." அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கும். "சரிப்பா, வச்சுடறேன்." வைத்த பிறகு, கேட்க வேண்டியவை வரிசையாக வாஷருக்கு ஞாபகம் வரும். பேத்திக்குப் பல் விழுந்ததா? மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாளா? ஞாபகம் வந்து என்ன பிரயோசனம், அடுத்த தடவையும் "சாப்டேன்" என்றுதான் வாயில் வரும்.

மகனுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அப்பா வீட்டைவிட்டே நகர்வதில்லை என்று, எல்லோரும் சேர்ந்து போக ஒரு சுற்றுலாக் கப்பலில் இடம் பிடித்தான். பக்கத்துப் பக்கத்து அறைகள்: ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அவர்கள் மூவருக்கும். வாஷர் புதுச் சட்டை தைத்தார். பேத்திக்குக் காட்டலாம் என்று, வாயில் வைத்து ஊதினால் சத்தம் வருகிற ஒரு பித்தளைத் துண்டைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கி வைத்தார். கப்பல் கிளம்ப வேண்டிய வாரத்தில் ஃபோன் வந்தது.

"அப்பா, லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்கப்பா."

"சரிப்பா."

"டிக்கெட்ட கேன்சல் பண்ணாலும் காசு திரும்பி வராதாம். நீங்களாவது போய்ட்டு வாங்கப்பா. அறைச் செலவுக்கு என் கார்டப் போட்டு வச்சிருக்கேன். என்ன வேணும்னாலும் வாங்குங்க. யோசிக்காதீங்க."

கார்டு விஷயம் வாஷர் காதில் ஏறவே இல்லை. நீ வரலையா என்பதிலேயே மனசு நின்றுவிட்டது. அதைக் கேட்காமல், "ஆகட்டும்பா" என்றார். காசு வீணாகப் போகக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, பனியனுக்குள் துணிப்பையில் நோட்டுகளைச் செருகிக்கொண்டு, ஒண்டியாகக் கப்பல் ஏறினார்.

கப்பல் கழிவறை அவரை அசத்திவிட்டது. பொத்தானை அமுக்கினால் ஒரே உறிஞ்சில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு உறுமுகிறது. தண்ணீர் ஒரு டம்ளர்கூடச் செலவாகவில்லை. காற்றால் இழுக்கிறான் என்று கண்டுபிடித்ததும் வாஷருக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா சும்மா அமுக்கி அந்த உறுமலைக் கேட்டார். அப்புறம் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தார். கட்டில் இருந்தது, நாற்காலி இருந்தது. பக்கத்து அறைச் சுவரில் காதை வைத்தார். ஆள் புழங்குகிற சுவர் ஒருபோதும் சும்மா இருக்காது. குழாய்க்குள் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். அந்தச் சுவர் சும்மா இருந்தது.

தலைவாரப் போனபோதுதான் சீப்பை மறந்துவிட்டது தெரிந்தது. இத்தனை வருஷமாகப் பயணப் பையில் சீப்பு தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள். கப்பலுக்குள் இருந்த கடைக்குப் போய், ஒரு சீப்பை எடுத்துவைத்துப் பக்கத்தில் நோட்டையும் வைத்தார்.

"காசு வாங்கறதில்ல சார். ரூம் கார்டு குடுங்க" என்றாள் கடைப் பெண்.

"நல்ல நோட்டும்மா. வரும்போதுதான் மாத்திக்கிட்டு வந்தேன்."

"நோட்டு நல்ல நோட்டுதான் சார். கப்பல்ல காசு செல்லாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய காசை ஒருவர் வேண்டாம் என்கிறார். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. கதவு திறக்கிற அட்டையைக் கொடுத்தார். அவள் அதை ஒரு தேய்ப்புத் தேய்த்து, கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு சீட்டை நீட்டினாள்.

"இது யார் காசும்மா?"

"உங்க அறைக்கு யாரு கார்டக் குடுத்திருக்காங்களோ அவங்களோடது சார்."

மகன் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்பன் தலை சீவ மகன் காசா? சீப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மூக்குக்குமேல் கோபத்தோடு வரவேற்பு மேசைக்கு நடந்தார். யார்மேல் கோபம் என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். "கார்டு இல்லாதவங்களும் நிறைய பேரு வர்றாங்க சார். இங்க ரொக்கமா டெபாசிட் கட்டிட்டா அதுலேர்ந்து கழிச்சுக்குவோம். தீந்துபோனா உங்க அட்டை வேலை செய்யாது, மறுபடி வந்து கட்டணும். மிச்சம் இருந்தா இறங்கறப்போ கையிலயே குடுத்துடுவோம்."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" துணிப்பை வெளியே வந்தது.

"ஆனா உங்க மகன் கார்டு இருக்கே சார். அன்னன்னிக்கு ஆகற செலவ சாயங்காலம் அதுல போட்டுடுவோம். அவருக்கு ஃபோன்ல மெசேஜும் போயிடும். உங்களுக்கு ஒரு அலைச்சலும் இல்ல."

"என் கணக்கு அவனுக்கு எதுக்கும்மா? அத எடுத்துடு."

"இப்போதைக்கு நிறுத்தி வைக்கறேன் சார். வேணும்னா திரும்பப் போட்டுக்கலாம்."

"வேண்டியிருக்காது" என்றார் வாஷர்.

மாடிப்படி ஏறி வரும்போது நடையே மாறிவிட்டது. சொந்தக் காசில் சீப்பு வாங்கி, அங்கேயே கண்ணாடி பார்த்துச் சீவிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் செலவழிக்கவே இல்லை. சாப்பாட்டுக்கூடத்தில் எல்லாமே கொட்டிக் கிடந்தது, அதற்குக் காசில்லை. பெரிய வட்ட மேசையில் அவர் உட்கார்ந்தால், யாராவது வந்து "இந்த நாற்காலி எடுத்துக்கலாமா?" என்று கேட்பார்கள். "தாராளமா." ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மட்டும் மிஞ்சும். மேல்தளத்துக்குப் போனால், "சார், ஒரு ஃபோட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று ஏதாவது ஒரு குடும்பம் ஃபோனை நீட்டும். தனியாக நிற்கிற ஆளுக்கு வேறென்ன வேலை என்று நினைப்பார்கள் போல. அவரும் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லி எடுத்துக் கொடுப்பார். அந்தக் கப்பலில் பாதிக் குடும்பங்களின் படம் அவர் கையால் எடுத்தது. ஒரு படத்திலும் அவர் இல்லை.

நீச்சல் குளத்தருகே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "வாஷர் போயிருக்கு" என்றார், பக்கத்தில் படுத்திருந்தவரிடம். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். வாஷர் அசடு வழிய எழுந்து அறைக்கு வந்து படுத்தார். அவருடைய பட்டன் ஃபோனுக்குக் கடலுக்குள் சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் என்ன, "சாப்டேன்" என்றுதானே சொல்லியிருப்பார். மினுக்கிய பித்தளைத் துண்டை எடுத்து ஒரு தடவை ஊதிப் பார்த்தார். தன் சத்தம் தனக்கே பிடிக்காமல் உள்ளே வைத்தார். இதற்கு வீட்டிலேயே கிடந்திருக்கலாம் என்று தோன்றியது. அழுகை வரும்போலவும் இருந்தது, வரவில்லை.

அப்படிக் கிடந்த ஒரு மதியத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடி போட்ட அதே பெண், கையில் துண்டுச் சீட்டோடு நின்றாள்.

"நல்லா இருக்கீங்களா சார்? உங்க மகன் எங்க ஆபீசுக்கு ஃபோன் பண்ணியிருக்காரு. உங்கள நேர்ல பாத்துட்டுச் சொல்லணுமாம்."

"என்னம்மா, அவங்களுக்கு ஏதாவது…"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல சார். உங்களப் பத்திதான் கவலை." அவள் சீட்டைப் பார்த்துத் தயங்கினாள். "இன்னொண்ணும் கேக்கச் சொன்னாராம். எங்களுக்குத்தான் புரியல. மீட்டர் ஏன் ஓடலன்னு கேளுங்கன்னாராம். ரூம்ல மீட்டர்லாம் கிடையாதே சார்?"

வாஷர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மகன் அரைக்கால் சட்டை போட்ட வயதில், ஒரு விடுமுறையில் அவரோடு வேலைக்கு வந்திருந்தான். ஒரு வீட்டில் எத்தனை கூப்பிட்டும் யாரும் வரவில்லை. ஆளில்லப்பா, போகலாம் என்று இழுத்தான். வாஷர் அவனைத் தூக்கி, வாசல் ஓரத்தில் இருந்த தண்ணீர் மீட்டரைக் காட்டினார். "கதவப் பாக்காத, மீட்டரப் பாரு. முள்ளு ஓடுது பாத்தியா? அப்ப உள்ள ஆள் இருக்கு. ஓடலன்னாதான் பயப்படணும்." கொஞ்ச நேரத்தில் ஈரத்தலையோடு வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தார். அன்றைக்குப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் கொஞ்ச நாள் தெருவில் ஒரு மீட்டரையும் விடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தான்.

அதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறானா?

அவருக்கு இப்போது எல்லாம் விளங்கியது. சாயங்காலமானால் அங்கே அவன் ஃபோனைப் பார்த்திருக்கிறான். அப்பா ஒரு ஜூஸ் குடித்தார், ஒரு காபி குடித்தார் என்று தெரிந்தால் போதும் என்று உட்கார்ந்திருக்கிறான். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இவர் என்னவோ மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறார். செய்ததெல்லாம் மெயின் வால்வை மூடிவிட்டு உள்ளே படுத்துக்கொண்டதுதான். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பொங்கிய சந்தோஷத்தை என்ன செய்வது என்று தெரியாமல், தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"என்ன சார் சொல்லட்டும்? நல்லா இருக்கீங்கன்னு சொல்லிடவா?"

"சொல்லும்மா. அந்தக் கார்டையும் திரும்பப் போட்டுடு. நானும் சொல்லிக்கறேன்."

அவள் போனதும் சட்டையை மாற்றிக்கொண்டு, தலைசீவி, மேல்தளத்துக் காபிக் கடைக்குப் போனார். நுரையைக் கோபுரமாக ஏற்றி ஒரு கோப்பை வந்தது. சீட்டில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இது எப்பத் தம்பி அவனுக்குப் போகும்?"

"சாயங்காலம் எல்லாம் சேந்து ஒரே மெசேஜாப் போகும் சார்."

"தனித்தனியா போகாதா?"

"தனித்தனியாப் போகணும்னா தினம் ஒண்ணு குடிங்க" என்று சிரித்தான் கடைக்காரன்.

ஒரே மெசேஜ் என்றால் அது கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும் என்று ஐஸ்கிரீமும் எலுமிச்சைச் சாறும் வாங்கினார். பேத்திக்கு ஒரு தொப்பி வாங்கினார். அடுத்தவன் காசு தொண்டையில் சிக்கவில்லை. சாயங்காலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். இந்நேரம் அங்கே ஃபோன் ஒரு சத்தம் போட்டிருக்கும். எடுத்துப் பார்த்திருப்பான். அம்மாவைப் போல ஒரு பக்கமாகச் சிரித்திருப்பானா? இல்லை, சரிதான் என்று கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பானா? தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற வால்வு உண்டு. போகும், திரும்பி வராது. இதுவும் அப்படித்தான் இருந்தது. "சார், ஒரு ஃபோட்டோ?" என்று யாரோ ஃபோனை நீட்டினார்கள். வாங்கி, எடுத்துக் கொடுத்தார்.

இறங்கும்போது டெபாசிட்டின் மிச்சத்தைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மகன் பேசினான். "நல்லா இருந்துச்சாப்பா?" "நல்லா இருந்துச்சு." "சாப்பாடெல்லாம்?" "அதுவும் நல்லா இருந்துச்சு." மீட்டரைப் பற்றி அவனும் வாயைத் திறக்கவில்லை, இவரும் திறக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. வைத்துவிடுவான் என்று தெரிந்ததும் வாஷர் அவசரமாகச் சொன்னார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கப்பா. என்னாச்சு?"

"உன் கணக்குலயே எனக்கும் ஒரு கார்டு வாங்கித் தரலாமாமே. கப்பல்ல சொன்னாங்க."

இதுவரை மகனிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. "அனுப்பறேம்பா" என்றான். அவன் குரல் கம்மியதா, லைனில் கோளாறா என்று வாஷரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கார்டு வந்தது. தெருமுனை டீக்கடையில் நீட்டினார். "மெஷினா? இங்க அடுப்பே ஒழுங்கா எரிய மாட்டேங்குது, நீங்க வேற" என்றார் டீக்கடைக்காரர். அதனால்தான் வாஷர் இப்போது தினமும் சாயங்காலம், பள்ளிக்கூடம் தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, பெரிய சாலையில் இருக்கிற கண்ணாடிக் கதவுக் கடைக்கு நடக்கிறார். பிடிக்காத காபி ஒன்றை வாங்குகிறார். மெஷின் ஒரு கீச்சுக் கீச்சும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் காபிக் காசைப் பேத்திக்கென்று ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். பழைய பிடிவாதம் அவ்வளவு லேசில் போய்விடுமா?

மகன் அதைப் பார்க்கிறானா? தெரியாது. ஃபோனில் அதே "சாப்டீங்களா"தான். காபியைப் பற்றி அவன் பேசியதே இல்லை. முதலில் பார்த்திருப்பான், போகப் போக, தினம் வருகிற நூறு மெசேஜ்களில் ஒன்றாக அதையும் தள்ளிவிட்டிருக்கலாம். பிள்ளை குட்டிக்காரன், அவனுக்கு ஆயிரம் வேலை.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒரு நாள் போகாமல் இருந்தால் போதும். முள் நின்றால் அவன் கேட்பானா, மாட்டானா என்று தெரிந்துவிடும். அவர் தொழிலே அதுதானே. ஒரு நாள் அப்படியே முடிவும் செய்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஃபோனை எதிரே வைத்து, கைகட்டி உட்கார்ந்தார். தாளை விரித்து உட்காருகிற அதே உட்கார்வு. வெயில் இறங்கியது. தெருவில் விளையாடிய பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். வாஷர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அடிக்கவே இல்லையென்றால்? நாளைக்கும் அடிக்கவில்லையென்றால்?

சட்டென்று எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சரியாகச் சாத்தாமல்கூட, ஏறக்குறைய ஓடினார். வாழ்நாளில் அவர் சோதித்துப் பார்க்காமல் விட்ட ஒரே இணைப்பு அதுதான்.

கடையில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அங்கிள், இன்னைக்கு வர மாட்டீங்கன்னு நினைச்சேன். மெஷின்லாம் கழுவியாச்சே, காபி போட முடியாது" என்றாள் அங்கிருந்த பெண்.

"காபி வேண்டாம்மா" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கார்டை நீட்டினார் வாஷர். "தண்ணி பாட்டில் ஒண்ணு குடு, போதும்."